கீழ் டிவிஷன் மிட்ஃபீல்டரின் பிழைப்பு: வாசகர் கேள்வி – பதில்

இங்கிலாந்தின் மூன்றாம், நான்காம் டிவிஷன்களில் ஆடும் நடுக்கள ஆட்டக்காரர்களைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சென்ற இதழில் எழுதியிருந்தேன். எதிர்பார்த்ததைவிட நிறையக் கடிதங்கள் வந்துவிட்டன. நான் லண்டனுக்கு வடக்கே உள்ள லூட்டனில் குடியிருப்பவன். சனிக்கிழமை மதியம் என்றால் லூட்டன் அணியின் கெனில்வொர்த் ரோடு மைதானம்தான். அதனால் என் உதாரணங்களில் சில அந்தப் பக்கம் சாய்ந்தே இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பிரீமியர் லீக்கில் 20 அணிகள். அதற்குக் கீழே இருப்பவர்கள் வேறு வேலை பார்த்துக்கொண்டு வார இறுதியில் மட்டும் ஆடுபவர்கள்தானே? – கல்லூரி மாணவர், திருநெல்வேலி

இல்லை தம்பி. பிரீமியர் லீக்கின் 20 அணிகளுக்குக் கீழே சாம்பியன்ஷிப், லீக் ஒன், லீக் டூ என்று மூன்று டிவிஷன்கள், ஒவ்வொன்றிலும் 24 அணிகள். இந்த மூன்றும் சேர்ந்ததுதான் ஃபுட்பால் லீக் (சுருக்கமாக ஈ.எஃப்.எல்.). ஆக மொத்தம் 92 கிளப்புகள். இவற்றில் ஆடுபவர்களுக்குக் கால்பந்துதான் வேலை, அதுதான் சம்பளம். ஐந்தாம் படியான நேஷனல் லீக்கிலும் பெரும்பாலான கிளப்புகள் முழுநேரமாகத்தான் இயங்குகின்றன. அதற்கும் கீழே இறங்கினால்தான் பகலில் மின்வேலையோ தச்சுவேலையோ பார்த்துவிட்டு, வாரத்தில் இரண்டு மாலை பயிற்சிக்கு வருபவர்களைப் பார்க்கலாம்.

வேலைப்பளு என்று பார்த்தால் கீழே இருப்பவருக்குத்தான் அதிகம். பிரீமியர் லீக்கில் ஒரு சீசனுக்கு 38 லீக் ஆட்டங்கள், லீக் டூவில் 46. அதோடு எஃப்.ஏ. கோப்பை, லீக் கோப்பை, கீழ் டிவிஷன்களுக்கென்றே உள்ள ஈ.எஃப்.எல். டிராஃபி. ஆகஸ்டில் தொடங்கி மே வரைக்கும் சனிக்கிழமை ஓர் ஆட்டம், பல வாரங்களில் செவ்வாய் இரவு இன்னோர் ஆட்டம். தென்மேற்கு மூலையில் பிளைமத், ஸ்காட்லாந்து எல்லை அருகே கார்லைல். இரண்டுக்கும் இடையில் சாலை வழியாகச் சுமார் 640 கிலோமீட்டர். இந்த இரண்டு அணிகளும் ஒரே டிவிஷனில் இருந்த சீசன்கள் உண்டு. செவ்வாய் இரவு ஆட்டம் முடிந்து பஸ்ஸில் ஏறினால் வீடு வந்து சேர விடிந்துவிடும். கிளப்பிடம் பணம் குறைவு என்பதால் மாற்று ஆட்டக்காரர்களும் குறைவு. கணுக்கால் லேசாக வீங்கியிருந்தால் மேலே உள்ளவர் ஓய்வெடுப்பார், இங்கே இருப்பவர் பிளாஸ்திரி சுற்றிக்கொண்டு இறங்குவார்.

தலைக்கு மேல் கத்தியும் தொங்கும். லீக் டூவில் கடைசி இரண்டு இடத்தில் முடித்தால் அந்தக் கிளப் ஃபுட்பால் லீக்கை விட்டே வெளியேற வேண்டும். 1987-க்கு முன்னால் இப்படி இல்லை. கடைசியில் நின்ற கிளப்பை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று மற்ற கிளப்புகள் ஓட்டுப் போட்டன, பெரும்பாலும் வைத்துக்கொண்டன. இப்போது அந்தத் தயவெல்லாம் கிடையாது.

கேள்வி: ஃபார்வர்டு கோல் போடுகிறார், கோல்கீப்பர் தடுக்கிறார், புரிகிறது. மிட்ஃபீல்டர் என்ன செய்கிறார் என்பதே டிவியில் தெரியமாட்டேன் என்கிறது. – வாசகி, சேலம்

டிவியில் தெரியாது அம்மா, ஏனென்றால் கேமரா பந்தின் பின்னால் ஓடுகிறது. மிட்ஃபீல்டரின் வேலையில் பெரும்பங்கு பந்து அவரிடம் வருவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது.

லீக் டூ ஆட்டம் ஒன்றை மனதில் வைத்துச் சொல்கிறேன். ஜனவரி மாதம், மழை பெய்து தரை கொழகொழவென்று கிடக்கிறது. இந்தத் தரையில் அழகாகத் தட்டித் தட்டிக் கொண்டுபோக முடியாது. கோல்கீப்பர் பந்தை நீளமாக உதைக்கிறார். எதிரணியின் சென்டர் பேக்கும் (நடுவில் நிற்கும் தடுப்பாளர்) நம் ஃபார்வர்டும் எகிறுகிறார்கள். பந்து யாரோ ஒருவர் தலையில் பட்டு எங்கோ விழப்போகிறது. அப்படி விழும் பந்துக்கு ‘செகண்ட் பால்’ என்று பெயர். கீழ் டிவிஷன் கால்பந்தில் பாதி இந்த செகண்ட் பாலை யார் எடுப்பது என்பதுதான். நல்ல மிட்ஃபீல்டர் பந்து தலையில் படுவதற்கு முன்பே நகர்ந்துவிடுவார். எகிறுபவரின் தோள் எந்தப் பக்கம் சாய்கிறது, காற்று எப்படி அடிக்கிறது என்று கணக்குப் போட்டு, பந்து விழும் இடத்தில் போய் நிற்பார். மேலிருந்து பார்க்கிறவருக்குப் பந்து தானாக அவர் காலடிக்கு வந்தது போலிருக்கும்.

அடுத்தது தோளைத் திருப்பிப் பார்ப்பது. பந்து வருகிற வழியில் இருக்கும்போதே ஒருமுறை இடது தோளுக்குப் பின்னால், ஒருமுறை வலது தோளுக்குப் பின்னால் என்று பார்வையை வீசிவிடுவார். பந்து வந்து சேரும்போது உடம்பு பாதி திரும்பியிருக்கும், அடுத்து யாருக்குக் கொடுப்பது என்பதும் முடிவாகியிருக்கும். பார்க்காமல் வாங்குபவருக்குப் பின்னாலிருந்து இடி கிடைக்கும், பந்தும் போய்விடும். கெனில்வொர்த் ரோடு சின்ன மைதானம், சுமார் 12,000 பேர்தான் கொள்ளும். பல இருக்கைகள் ஆடுகளத்தை ஒட்டியே இருப்பதால் ஆட்டக்காரர்கள் கத்துவதெல்லாம் காதில் விழும். “மேன் ஆன்!” என்று கத்தினால் பின்னால் ஆள் வருகிறான், ஒரே தட்டில் கொடுத்துவிடு. “டைம்!” என்றால் நிதானமாக ஆடு. தன் அணி முழுக்க இப்படிக் குரல் கொடுத்துக்கொண்டே இருப்பவர் பெரும்பாலும் நடுக்களத்து ஆள்தான். அவர் கண்ணுக்குத்தான் இரண்டு பக்கமும் தெரிகிறது.

இதற்கிடையில் ஓர் ஆட்டத்தில் 10 முதல் 12 கிலோமீட்டர் வரை ஓடுகிறார். அதில் நிறைய, பின்னோக்கி, தன் கோலைக் காப்பாற்ற ஓடும் ஓட்டம். எதிரணி வேகமாகப் பாய்ந்து வரும்போது சட்டையைப் பிடித்து நிறுத்தி மஞ்சள் அட்டை வாங்குவதும் அவர்தான். சீசனின் முதல் 19 லீக் ஆட்டங்களுக்குள் ஐந்து மஞ்சள் அட்டை சேர்ந்துவிட்டால் ஓர் ஆட்டம் தடை. அதனால் நவம்பரில் நான்கு அட்டையோடு நிற்கும் மிட்ஃபீல்டர் எந்தச் சட்டையைப் பிடிப்பது, எதை விடுவது என்றும் யோசிக்க வேண்டும்.

கேள்வி: சம்பளம் எவ்வளவு வரும்? கோடிக்கணக்கில் இருக்குமா? – வாசகர், ஈரோடு

மேலே கோடிகள்தான். கீழே கதை வேறு.

முதலில் ஒரு பழைய செய்தி. 1961 ஜனவரி வரை இங்கிலாந்தில் எந்தக் கிளப்பும் எவ்வளவு பெரிய ஆட்டக்காரருக்கும் வாரம் 20 பவுண்டுக்கு மேல் தரக்கூடாது. ஆட்டக்காரர்களின் சங்கமான பி.எஃப்.ஏ. 1907-லேயே மான்செஸ்டரில் தொடங்கப்பட்டது. அதன் தலைவராக இருந்த ஜிம்மி ஹில் வேலைநிறுத்தம் வரைக்கும் போய் நின்ற பிறகுதான் அந்த உச்சவரம்பு போனது. உடனே ஃபுல்ஹம் கிளப்பின் ஜானி ஹெய்ன்ஸுக்கு வாரம் 100 பவுண்டு கிடைத்தது. ஒப்பந்தம் முடிந்தாலும் ஆட்டக்காரரைப் போகவிடாமல் பிடித்துவைக்கும் வழக்கத்தை ஜார்ஜ் ஈஸ்ட்ஹம் என்ற ஆட்டக்காரர் 1963-ல் நீதிமன்றத்தில் உடைத்தார். 1995-ல் ஐரோப்பிய நீதிமன்றத்திலிருந்து வந்த பாஸ்மன் தீர்ப்பு மிச்சத்தையும் தளர்த்தியது. இன்றைக்கு ஒரு லீக் டூ ஆட்டக்காரர் தனக்குப் பிடித்த கிளப்புக்குப் போக முடிகிறதென்றால் இவர்கள் எல்லோருக்கும் அதில் பங்கு உண்டு.

இப்போதைய அளவைப் புரிந்துகொள்ள ஒரு கணக்கு. 2020 ஆகஸ்டில் லீக் டூ கிளப் ஒன்று ஆண்டுக்கு 15 லட்சம் பவுண்டுக்கு மேல் சம்பளத்துக்குச் செலவழிக்கக்கூடாது என்று விதி கொண்டுவந்தார்கள். லீக் ஒன்னுக்கு 25 லட்சம். பி.எஃப்.ஏ. எதிர்த்து நின்றது, 2021 பிப்ரவரியில் நடுவர் குழு அந்த விதியைத் தூக்கிவிட்டது. ஆனாலும் அந்த 15 லட்சத்தை 22 பேருக்குப் பிரித்துப் பாருங்கள், தலைக்கு ஆண்டுக்கு 70,000 பவுண்டுக்குள் வரும். எல்லோருக்கும் சமமாகக் கிடைக்காது. மூத்த கோல் அடிப்பாளர் அதிகம் வாங்குவார், 19 வயதுப் பையன் மிகக் குறைவாக வாங்குவான். நாட்டின் நடைமுறைக்கு இது கெட்ட சம்பளம் என்று சொல்லமாட்டேன். ஆனால் 35 வயதில் நின்றுவிடும் சம்பளம் இது.

அதைவிடப் பெரிய விஷயம் ஒப்பந்தத்தின் நீளம். கீழ் டிவிஷன்களில் ஒரு வருடம், மிஞ்சினால் இரண்டு வருடம். ஜூன் 30-ஆம் தேதி அது முடியும். மே மாதத்தில் ஒவ்வொரு கிளப்பும் யாரை வைத்துக்கொள்கிறோம், யாரை அனுப்புகிறோம் என்று பட்டியல் வெளியிடும். முந்தின சனிக்கிழமைதான் ரசிகர்கள் கைதட்டி அனுப்பியிருப்பார்கள், அடுத்த வாரம் மேனேஜர் அறைக்குள் கூப்பிட்டு ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார். அதற்குப் பிறகு சம்பளத்துக்கு உத்தரவாதம் இல்லை. மனைவிக்கு அந்த ஊரில் வேலை, பிள்ளைகளுக்கு அந்த ஊரில் பள்ளி. இவருக்கு மட்டும் 200 மைல் தள்ளி ஒரு கிளப்பிலிருந்து போன் வருகிறது. சிலர் குடும்பத்தோடு பெயர்கிறார்கள், சிலர் வாரம் முழுக்க வாடகை அறையில் தங்கிவிட்டு ஞாயிறுக்கு மட்டும் வீட்டுக்கு வருகிறார்கள். வருடாவருடம் முடியும் ஒப்பந்தத்தைக் காட்டி வீட்டுக்கடன் வாங்குவதும் லேசான காரியம் இல்லை.

ஒரு நடைமுறையை மட்டும் என்னால் ஏற்கவே முடியவில்லை. இத்தனை ஆட்டங்கள் ஆடினால் ஒப்பந்தம் தானாக ஒரு வருடம் நீளும் என்று சில ஒப்பந்தங்களில் எழுதியிருப்பார்கள். அந்த எண்ணிக்கை நெருங்கும்போது நன்றாக ஆடிக்கொண்டிருக்கும் ஆள் திடீரென்று பெஞ்சில் உட்காருவார். காரணம் எல்லோருக்கும் தெரியும். யாரும் வெளியே சொல்லமாட்டார்கள்.

கேள்வி: கடைசிவரை பிரீமியர் லீக்குக்குப் போகாதவர்கள் தோற்றுப்போனவர்கள்தானே? அவர்களைப் பற்றி எழுதுவானேன்? – வாசகர், சென்னை

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். வந்ததில் சந்தோஷம், ஏனென்றால் இதற்குப் பதில் சொல்லத்தான் இந்தப் பகுதியையே கேட்டு வாங்கினேன்.

ஆன்டனி சார்செவிக் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? மான்செஸ்டரில் 1992-ல் பிறந்த மிட்ஃபீல்டர். பிரீமியர் லீக்கில் ஓர் ஆட்டம்கூட ஆடியதில்லை. 2014 மே மாதம் லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் லீக் டூ பிளே-ஆஃப் (மேலே போக மிச்சமிருக்கும் ஒரே இடத்துக்கான போட்டி) இறுதி ஆட்டம், ஃபிளீட்வுட்டுக்கும் பர்ட்டனுக்கும். ஆட்டத்தின் ஒரே கோல் சார்செவிக்கின் ஃப்ரீ கிக். வெகு தூரத்திலிருந்து அவர் உள்ளே அனுப்பிய பந்தை யாரும் தொடவில்லை, அப்படியே வலைக்குள் போய்விட்டது. ஃபிளீட்வுட் அதன் வரலாற்றில் முதல்முறையாக மூன்றாம் டிவிஷனுக்குப் போனது. பிறகு பிளைமத் அணியோடு 2017-ல் மேலே போனார், அது கீழே இறங்கியபின் 2020-ல் மறுபடியும் மேலே போனார். அங்கிருந்து போல்டன், 2021-ல் அதுவும் மேலே. அப்புறம் ஸ்டாக்போர்ட். அந்தக் கிளப் 2022-ல் நேஷனல் லீக்கிலிருந்து ஃபுட்பால் லீக்குக்குத் திரும்பியது, 2024-ல் லீக் டூ சாம்பியன் ஆனது. இரண்டிலும் அவர் இருந்தார்.

இத்தோடு முடிந்திருந்தால்கூடப் போதும். 32 வயதில் பிராட்ஃபோர்டுக்குப் போனார். 2025 மே 3, சீசனின் கடைசி நாள், வேலி பரேட் மைதானம். ஜெயித்தால் பிராட்ஃபோர்டு நேராக மேலே போகும். எதிரணி அவருடைய பழைய ஃபிளீட்வுட். 90 நிமிடம் முடிந்தும் கோல் இல்லை. 96-ஆவது நிமிடத்தில் கோல் வாசலில் நின்ற சார்செவிக் மீது பட்டுப் பந்து உள்ளே போனது. ஆறு வருடம் நான்காம் டிவிஷனில் கிடந்த ஒரு பெரிய ஊரின் கிளப் அந்த நொடியில் மேலே ஏறியது. ஜனங்கள் மைதானத்துக்குள் ஓடிவந்துவிட்டார்கள்.

இவர் போகிற ஊரெல்லாம் ஒரு படி ஏறுகிறது. ஏறிய பிறகு பெரும்பாலும் இவர் அடுத்த ஊருக்குப் போய்விடுகிறார். இதைத் தோல்வி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அன்று பிராட்ஃபோர்டின் மேனேஜராக நின்றவர் கிரஹாம் அலெக்ஸாண்டர். அவர் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஸ்கன்தார்ப், லூட்டன், பிரெஸ்டன் என்று கீழேயே ஆடியவர். வலது பக்கத் தடுப்பாளராகவும் நடுக்களத்திலும் இறங்கினார். 2009-ல் பர்ன்லி அணியோடு முதல்முறையாக பிரீமியர் லீக்கில் கால் வைத்தபோது வயது 37. மொத்தம் 1,000-க்கும் மேற்பட்ட ஆட்டங்கள். 2012 ஏப்ரலில் பிரெஸ்டனுக்காகக் கடைசி ஆட்டம், எதிரணி சார்ல்டன். ஆட்டம் முடியும் நேரத்தில் ஒரு ஃப்ரீ கிக் கிடைத்தது. அதைக் கோலாக்கி 2-2 என்று சமன் செய்துவிட்டு ஓய்வு பெற்றார்.

டோனி ஃபோர்டு வேறு மாதிரி. 1975-ல் 16 வயதில் கிரிம்ஸ்பி அணியில் தொடங்கினார். வலது ஓரத்திலும் நடுக்களத்திலும் பிறகு தடுப்பிலும் ஆடி, 2001-ல் ராச்டேலில் முடித்தார். 931 லீக் ஆட்டங்கள். கோல்கீப்பர்களைத் தள்ளிவைத்துப் பார்த்தால் இங்கிலாந்து லீக்கில் அதற்கு மேல் யாரும் ஆடியதில்லை. அரசாங்கம் எம்.பி.இ. விருது கொடுத்தது. கிரிம்ஸ்பியில் இன்றைக்கும் பெரியவர்களிடம் அந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: கிளப்பே மூடிவிட்டால் ஆட்டக்காரர் கதி என்ன? – வாசகர், மதுரை

நடந்திருக்கிறது. பெரி என்ற கிளப் 1885-ல் தொடங்கியது. 1903 எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டத்தில் டெர்பியை 6-0 என்று வென்ற கிளப் அது. 2018-19 சீசனில் லீக் டூவில் இரண்டாம் இடம் பிடித்து மேலே போனது. அந்த சீசனின் கடைசி மாதங்களில் ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் வரவில்லை. சம்பளம் வராமலேயே ஆடித்தான் மேலே கொண்டுபோனார்கள். 2019 ஆகஸ்டில் பணக்கணக்கைக் காட்ட முடியாமல் அந்தக் கிளப் லீக்கை விட்டே நீக்கப்பட்டது. ஜெயித்து வாங்கிய இடத்தில் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை.

அந்த அணியின் நடுக்களத்தில் பந்தை ஒட்டிக்கொண்டு போகும் ஆள் டேனி மேயர். பிரெஸ்டனில் வளர்ந்தவர், பெரியில் பல வருடம் இருந்தவர். மேனேஜர் ரயன் லோ பிளைமத்துக்குப் போனபோது மேயரும் அங்கே போய்ச் சேர்ந்தார். 2020-ல் பிளைமத் லீக் டூவிலிருந்து ஏறியது, 2023-ல் 101 புள்ளிகளோடு லீக் ஒன் சாம்பியன் ஆனது. ஆட்டக்காரருக்கு இப்படி ஒரு வழி கிடைத்துவிடுகிறது, எல்லோருக்கும் இல்லாவிட்டாலும் சிலருக்காவது. டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்திருந்தவருக்கும் துணி துவைத்துக் கொடுத்தவருக்கும் வேறு பெரி எங்கே இருக்கிறது? 2025-ல் கால்பந்துக்கென்று சுதந்திரமான கண்காணிப்பு அமைப்பு ஒன்றை ஏற்படுத்தச் சட்டம் கொண்டுவந்ததற்கு இந்த மாதிரி அனுபவங்களும் ஒரு காரணம். அது பல் உள்ள அமைப்பாக இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

கேள்வி: நாங்கள் லண்டன் ஈஸ்ட் ஹாமில் இருக்கிறோம். என் மகன் ஒன்பது வயதிலிருந்து ஒரு பெரிய கிளப்பின் அகாடமியில் இருந்தான். மிட்ஃபீல்டர். 16 வயதில் ‘ஸ்காலர்ஷிப் தரமுடியாது’ என்று அனுப்பிவிட்டார்கள். அறையை விட்டு வெளியே வரமாட்டேன் என்கிறான். நான் என்ன செய்ய? – ஒரு தாய்

உங்கள் கடிதத்தைப் படித்து ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன் அம்மா.

முதலில் நிலவரம். 16 வயதில் கிளப்புகள் சிலருக்கு மட்டும் இரண்டு வருட ஸ்காலர்ஷிப் தருகின்றன. அது முடிந்து 18-ல் அதிலும் சிலருக்குத்தான் தொழில்முறை ஒப்பந்தம். வடிகட்டிக்கொண்டே போகிறார்கள். வடிகட்டுகிறவர்கள் அடிக்கடி தப்பாகவும் வடிகட்டுகிறார்கள். எபரெச்சி எஸே என்ற மிட்ஃபீல்டரை 13 வயதில் ஆர்சனல் அனுப்பியது. அப்புறம் ஃபுல்ஹம், ரெடிங், மில்வால் என்று ஒவ்வொன்றும் அனுப்பின. லண்டனின் கியூ.பி.ஆர். கிளப் எடுத்துக்கொண்டது, 2017-18 சீசனில் லீக் டூவில் இருந்த விகம்ப் அணிக்கு லோனில், அதாவது தற்காலிகமாக, அனுப்பி ஆடவைத்தது. 2025 மே மாதம் எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டத்தில் மான்செஸ்டர் சிட்டிக்கு எதிராக கிரிஸ்டல் பேலஸுக்காக ஒரே கோலை அடித்தவர் அவர்தான். அதே வருடம் ஆர்சனல் அவரைப் பெரும் பணம் கொடுத்துத் திரும்ப வாங்கியது.

ஆனால் எஸே கதையை இப்போது உங்கள் மகனிடம் சொல்லாதீர்கள். எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள், அவனுக்கு அது இன்னொரு சுமை. அவன் நண்பர்கள் எல்லோரும் அந்த அகாடமியில்தான் இருந்திருப்பார்கள். ஒரே நாளில் நண்பர்களும் போய்விட்டார்கள், வாரத்தின் ஒழுங்கும் போய்விட்டது. அந்த துக்கம் ஆறக் கொஞ்ச நாள் கொடுங்கள். சாப்பாட்டைக் கொண்டுபோய் வையுங்கள், அருகில் உட்காருங்கள். கால்பந்தைப் பற்றி அவனாகப் பேசும்வரை நீங்கள் பேச வேண்டாம். சாப்பிடாமலும் தூங்காமலும் வாரக்கணக்கில் போனால் தயங்காமல் குடும்ப மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். அனுப்பிய கிளப்பையும் கேளுங்கள். அனுப்பிய பிறகும் பையனின் நலம் விசாரிக்க வேண்டிய பொறுப்பு அவர்களுக்கு உண்டு.

அவனுக்கே ஆடவேண்டும் என்று தோன்றினால் வழி இருக்கிறது. லீக்குக்கு வெளியே உள்ள பல கிளப்புகள் படிப்போடு சேர்ந்த கால்பந்துத் திட்டங்கள் நடத்துகின்றன. காலையில் வகுப்பு, மதியம் பயிற்சி. லூட்டனில் ஆடிய மிட்ஃபீல்டர் பெல்லி ரடக் எம்பான்ஸு அப்படி போர்ஹம் வுட் கிளப்பிலிருந்து வந்தவர். வெஸ்ட் ஹாமில் முதல் அணிக்குள் இடம் கிடைக்காமல் 2013 கடைசியில் லூட்டனுக்கு வந்தார். அப்போது லூட்டன் ஐந்தாம் டிவிஷனில் கிடந்தது. 2014, 2018, 2019, 2023 என்று நான்கு முறை அணி மேலே ஏறியது, நான்கு முறையும் நடுக்களத்தில் அவர் இருந்தார். லீக்குக்கு வெளியிலிருந்து பிரீமியர் லீக் வரை ஒரே கிளப்போடு ஏறிய முதல் ஆட்டக்காரர். 2023 மே 27, வெம்ப்ளியில் கவென்ட்ரியைப் பெனால்டியில் வென்ற அன்று எங்கள் தெருவே தூங்கவில்லை. ஆட்டத்தில் நம் பந்து தொலைந்த உடனே அதைப் பிடுங்க முதலில் திரும்பி ஓடிய கால்கள் அவருடையவையாகத்தான் இருந்தன.

எந்த முடிவு எடுத்தாலும் 16 வயதில் எழுதும் ஜி.சி.எஸ்.இ. பள்ளித் தேர்வுகளை விட்டுவிட வேண்டாம்.

கேள்வி: சின்ன அணி பெரிய அணியை வீழ்த்தியதில் உங்களுக்குப் பிடித்தது? – வாசகர், தஞ்சாவூர்

1972 பிப்ரவரி 5, ஹியர்ஃபோர்டு. லீக்கிலேயே இல்லாத அணி அது. முதல் டிவிஷன் நியூகாசிலோடு 2-2 என்று சமன் செய்து, மறு ஆட்டத்தைத் தன் எட்கர் ஸ்ட்ரீட் மைதானத்துக்குக் கொண்டுவந்திருந்தது. தரை முழுக்கச் சேறு. முடியச் சில நிமிடங்கள் இருக்கும்போது நியூகாசில் 1-0 முன்னிலை. ரோனி ராட்ஃபோர்டு, தச்சுவேலை செய்துகொண்டே ஆடிய மிட்ஃபீல்டர், சேற்றில் துள்ளி நின்ற பந்தைச் சுமார் 30 கஜ தூரத்திலிருந்து மேல்மூலைக்கு அனுப்பினார். கூடுதல் நேரத்தில் ரிக்கி ஜார்ஜ் அடித்த கோலில் ஹியர்ஃபோர்டு ஜெயித்தது. அந்த வருடமே லீக்கில் இடமும் கிடைத்தது. ராட்ஃபோர்டு 2022-ல் காலமானார்.

கேள்வி: இந்திய வம்சாவளி மிட்ஃபீல்டர்கள் அங்கே உண்டா? – வாசகர், கோவை

மிகக் குறைவு, அது வருத்தமான விஷயம். யான் தண்டா பர்மிங்ஹாமில் பிறந்தவர், லிவர்பூல் அகாடமியில் வளர்ந்து ஸ்வான்சி அணிக்காக சாம்பியன்ஷிப்பில் ஆடி, பிறகு ஸ்காட்லாந்துக்குப் போனார். இந்தியாவுக்காக ஆட ஆசை என்று சொல்லியிருக்கிறார். இந்தியப் பாஸ்போர்ட் இல்லாதவர் இந்திய அணியில் ஆட முடியாது என்ற விதி குறுக்கே நிற்கிறது. தெற்காசியக் குடும்பங்கள் நிறைந்த லூட்டன் மாதிரி ஊர்களில் பூங்காவெல்லாம் நம் பிள்ளைகள் ஆடுகிறார்கள். அகாடமி வாசலுக்கு வந்து சேருபவர்கள் கொஞ்சம் பேர்தான். பிள்ளைகளைத் தேடி அந்தப் பூங்காக்களுக்குக் கிளப்புகள் போக வேண்டும்.

கேள்வி: 35 வயதுக்குப் பிறகு என்ன செய்வார்கள்? – வாசகி, புதுச்சேரி

சிலர் பயிற்சியாளர்கள் ஆகிறார்கள். மிட்ஃபீல்டர்களுக்கு இது இயல்பாக வருகிறது, 15 வருடம் நடுவில் நின்று எல்லோருக்கும் வழி சொன்னவர்கள் ஆயிற்றே. கேரத் ஏன்ஸ்வொர்த் லிங்கன், போர்ட் வேல், கியூ.பி.ஆர். என்று ஆடிவிட்டு விகம்ப் வந்து, 2012-ல் அங்கேயே மேனேஜர் ஆனார். 2014-ல் கடைசி நாளில் கோல் வித்தியாசத்தில்தான் அந்தக் கிளப் லீக்கில் தப்பியது. 2020-ல் அதே கிளப்பை வரலாற்றில் முதல்முறையாக சாம்பியன்ஷிப்புக்குக் கொண்டுபோனார். மேலே சொன்ன எஸே லோனில் ஆடியது இவரிடம்தான்.

மற்றவர்களுக்கு பி.எஃப்.ஏ. படிப்புச் செலவில் உதவுகிறது. பிசியோதெரபி படித்துக் கிளப்புகளுக்கே திரும்பி வருபவர்கள் உண்டு. ஆசிரியர், பிளம்பர், தீயணைப்பு வீரர், எல்லா வேலைக்கும் போகிறார்கள். முட்டி வலியும் கூடவே போகிறது. 29, 30 வயதிலேயே படிக்கத் தொடங்குபவர்களுக்கு அந்த மாற்றம் கொஞ்சம் லேசாக இருக்கிறது. முதல் வருடத்தின் சனிக்கிழமை மதியங்கள்தான் அவர்களுக்கு மிகவும் கஷ்டம் என்று கேட்டிருக்கிறேன்.

கேள்வி: அடுத்த மாதம் மகளைப் பார்க்க இங்கிலாந்து வருகிறேன். ஓர் ஆட்டம் பார்க்க வேண்டுமானால் எங்கே போகலாம்? – ஓய்வுபெற்ற ஆசிரியர், நாகர்கோவில்

மகள் வீட்டுக்குப் பக்கத்தில் எந்த லீக் டூ கிளப் இருக்கிறதோ அங்கே போங்கள் ஐயா. பிரீமியர் லீக் டிக்கெட் கிடைப்பது குதிரைக்கொம்பு, இங்கே பல மைதானங்களில் அன்றைக்கே வாசலில் வாங்கலாம். சனிக்கிழமை மூன்று மணி ஆட்டங்களை இங்கே டிவியில் காட்டமாட்டார்கள். பிற்பகல் 2.45 முதல் 5.15 வரை நேரடி ஒளிபரப்புக்குத் தடை இருக்கிறது, ஜனங்கள் உள்ளூர் மைதானத்துக்குப் போகட்டும் என்று. அதனால் நேரில் போய்த்தான் பார்க்க வேண்டும்.

இரண்டரை மணிக்கே உள்ளே போய்விடுங்கள், வார்ம்-அப் பார்க்கலாம். பக்கவாட்டில், நடுக்கோட்டுக்கு நேராக, கொஞ்சம் உயரத்தில் இடம் கேளுங்கள். முதல் பத்து நிமிடம் பந்தை விட்டுவிட்டு ஒரு மிட்ஃபீல்டரை மட்டும் பாருங்கள். கெட்டியான கோட்டும் கம்பளித் தொப்பியும் மறக்க வேண்டாம், உட்கார்ந்தே இருக்கும்போது குளிர் காலிலிருந்துதான் ஏறும். லூட்டன் பக்கம் வருவதாக இருந்தால் எழுதுங்கள், நானே கூட்டிக்கொண்டு போகிறேன். இங்கே ஒரு வாசல் வரிசை வீடுகளுக்கு நடுவில்தான் இருக்கிறது. இரும்புப் படியேறிப் போகும்போது பக்கத்து வீட்டுக் கொல்லைகள் கீழே தெரியும்.